பிடரியின் திரைப்பிரவேசம்

அந்த டிரைவரின் பின்னந்தலையை நம்பி ஒரு உலக சினிமா காத்துக் கிடந்தது என்பது, நாற்பத்தேழு வருடமாக அதே தலையோடு புழங்கிவந்த அவருக்கே தெரியாது.

நாற்பத்தாறாம் நம்பர் பஸ் அவருடையது. பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறார். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர்கள் எதிரே வரும் லாரிக்காரர்கள் மட்டும்தான். அவர்களும் பார்த்த வேகத்தில் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பயணிகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரி. சீருடைக் காலருக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குக் கறுத்த கழுத்து, விடைத்த இரண்டு காதுகள், உச்சியில் இரட்டைச் சுழி.

அந்தச் சுழியால் அவருக்குக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. "தலையில ரெண்டு சுழி இருக்கு. இவன் ரெண்டு கல்யாணம் பண்ணாம அடங்க மாட்டான்" என்று பெண்ணின் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். மரப் பீரோ கடை வைத்திருக்கும் அந்த மச்சான், இருபது வருடமாக அந்த இரண்டாவது கல்யாணத்தை எதிர்பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறார். மாப்பிள்ளை தன் வாக்கைப் பொய்யாக்கிவிட்டார் என்கிற கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கண்ணாடி போட்ட ஒரு பெண், டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தாள். முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை போனாள். திரும்பி அதே பஸ்ஸில் வந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். செவ்வாயும் வந்தாள், புதனும் வந்தாள். மேலிடத்திலிருந்து ரகசியமாக அனுப்பிய செக்கிங் என்று டிரைவர் முடிவுகட்டிவிட்டார். மூன்று நாளும் எல்லா ஸ்டாப்பிலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தாண்டாமல் பஸ் நின்றது. ஓடிவந்தவர்களுக்காகக் காத்திருந்தது. பயணிகள் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. "டிரைவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கண்டக்டரிடம் விசாரித்தார்கள்.

நான்காம் நாள் அவள் எழுந்து வந்து கேட்டாள். "சார், உங்க தலையை ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

"பஸ்ஸை ஓரங்கட்டிட்டுப் பேசுவோமாம்மா?" என்றார் டிரைவர்.

அவள் ஒரு திரைப்படத்தின் உதவி இயக்குநர். படத்தின் பெயர் 'இன்மையின் இரு முகங்கள்'. குழந்தையிலேயே பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள் நாற்பத்தைந்து வயதில் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். அண்ணன், தம்பி இரண்டு வேடத்திலும் ஒரே நடிகர். அவர் பெரிய நடிகர். தலையில் இரட்டைச் சுழி உள்ளவர். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது, கேமரா அண்ணன் முகத்தைப் பார்த்தால் தம்பிக்கு ஒரு முதுகு வேண்டும். தம்பி முகத்தைப் பார்த்தால் அண்ணனுக்கு ஒரு முதுகு வேண்டும். ஆக, இரண்டு முதுகு, ஒரே ஆள். அந்த ஆளைத் தேடி இவள் ஆறு வாரமாக முடிதிருத்தும் கடை, சினிமாத் தியேட்டர், வங்கி வரிசை என்று ஜனங்களின் பின்னால் அலைந்திருக்கிறாள்.

இயக்குநர் டிரைவரை நாற்காலியில் உட்காரவைத்து, பழைய ஸ்கூட்டர் வாங்க வந்தவர்போல இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். தோளில் சால்வை, தாடி, தாடிக்குள் எங்கேயோ ஒரு வாய். படப்பிடிப்பில் அவருக்கு 'மௌனம்' என்று பெயர். காட்சி விளக்கம் கேட்டு யார் போனாலும், "இங்கே மௌனம்தான் பேசுகிறது" என்பார். அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

"இந்தப் பிடரியில் ஒரு ஆதித் துயரம் இருக்கிறது" என்றார் கடைசியில்.

"அது வேர்க்குரு சார்" என்றார் டிரைவர். "இன்ஜின் சூடு. பவுடர் போட்டா அடங்கிடும்."

"பவுடர் வேண்டாம்!" என்று மௌனம் அலறினார்.

நாற்பது நாள் லீவு போட்டார் டிரைவர். அந்த நாற்பது நாளும் அவருக்கு எல்லாமே ஆச்சரியம். வெயிலில் நின்றால் ஒருவர் குடை பிடித்தார். உட்கார நினைத்தால் நாற்காலி வந்தது. தண்ணீர் கேட்டதற்கு, "குளிர்ந்ததா சார், சாதாவா சார்?" என்று பதில் கேள்வி வந்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ லட்சம் பேரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கும்போது நன்றி சொன்னவர்களை அவருக்கு நினைவிருக்கிறது: ஒரு தபால்காரர், மூட்டுவலிக்கார அம்மாள் ஒருத்தர், நன்றாகக் குடித்திருந்த ஒருவர். இங்கேயோ, ஒன்றும் செய்யாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு நாளைக்கு முப்பது பேர் நன்றி சொன்னார்கள். கூச்சம் தாங்காமல் அவரும் திருப்பிச் சொன்னார். குடைக்காரருக்கு, லைட்காரருக்கு, தரையில் ஒயர் ஒட்டுகிறவருக்கு, ஒருமுறை திரும்பிய வேகத்தில் ஒரு மர நாற்காலிக்கும் சொல்லிவிட்டார்.

பெரிய நடிகரும் தங்கமான மனிதராக இருந்தார். எதிரே உட்கார்ந்து சகோதரனின் வசனத்தை எடுத்துக்கொடுப்பதும் டிரைவரின் வேலைதான். "நான்தான் நீ. நீ பிறந்தபோது நான் அழுதேன்" என்று தாளில் எழுதியிருக்கும். டிரைவர் அதை, "கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குங்க" என்கிற தொனியில் சொல்வார். நடிகருக்கு உடனே கண் நிறைந்துவிடும்.

"எப்படிண்ணே?" என்று நடிகர் ஒருநாள் கேட்டார். "மத்தவங்க எனக்கு டயலாக் குடுக்கும்போது அவங்க நடிப்பைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க சொன்னா நிஜமாவே யாரோ எங்கிட்ட பேசுற மாதிரி இருக்கு."

"எனக்கு நடிக்க வராது சார். அதனாலயா இருக்கும்."

கடைசி நாள்தான் விஷயமே. ஊருக்கு வெளியே தண்ணீர் வற்றவிட்ட ஒரு நீச்சல் குளம். அதன் நடுவில் டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே கரையில் நின்று அண்ணன் கூப்பிட, தம்பி மெதுவாகத் திரும்ப வேண்டும். முகத்தோடு. நடிகரின் முகமாக இல்லாமல் வேறொரு முகமாக இருக்க வேண்டும் என்று மௌனம் முந்தைய நாள் தியானத்தில் முடிவெடுத்திருந்தார். நாம் தேடுகிறவன் நாம் நினைத்தவன் இல்லையாம்.

"உங்க முகம்தான் படத்தின் கடைசி ஃபிரேம்" என்றார்.

பதினேழு தடவை திரும்பினார் டிரைவர். பதினேழாவதில் கழுத்து பிடித்துக்கொண்டு, திரும்பிய முகம் திரும்பியபடியே நின்றுவிட்டது. "கிடைத்துவிட்டது!" என்று மௌனம் குளத்துக்குள் இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னபோது கழுத்தில் பட்டை போட்டிருந்தது. "படத்தோட கடைசியில என் முகம் வருது" என்றார், அவளைப் பக்கவாட்டில் பார்த்தபடி.

"நிஜமாவா?" என்றாள் அவள். அதற்கு மேல் ஓர் எழுத்துகூடப் பேசவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் பாத்திரம் அடுக்கும் சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது.

அந்தச் சத்தம்தான் அவருக்கு முக்கியம். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறாள். டாக்டர் கிறுக்கியதை ஒரே பார்வையில் படிப்பவள். அவள் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் ஏழு. ஏழிலும் அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கும். "அவர் டூட்டியில இருக்காரு" என்று ஏழு கல்யாணத்திலும் அவளே சொல்லி, அவளே சிரித்து, அவளே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒருதடவையாவது எல்லார் கண்ணெதிரிலும், "இதோ இவர்தான்" என்று அவள் காட்டும்படி தன் முகம் வர வேண்டும். டிரைவருக்கு இந்தப் படத்திலிருந்து வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

படம் ஒரு விழாவில் தேர்வானது. கலாசார மையத்தின் அரங்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்காட்சி. மௌனம் ஐந்து இலவச டிக்கெட் அனுப்பியிருந்தார். டிரைவர், மனைவி, காலேஜில் படிக்கும் மகள், மச்சான், மச்சானின் மனைவி. மச்சான் கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

"மாப்ள, உங்க மூஞ்சி எத்தனை மணிக்கு வரும்?"

"கடைசியில மச்சான்."

"அப்ப நாம கடைசிக்கே வந்திருக்கலாமே."

அரங்கம் நிறைந்திருந்தது. எல்லோரும் துணிப்பை மாட்டியிருந்தார்கள். வணக்கத்தைக்கூடப் பெருமூச்சாக விட்டார்கள். விளக்கு அணைந்தது.

முதல் ஒன்பது நிமிடம் திரையில் ஒரு சுவர். ஒன்பதாவது நிமிடத்தில் சுவரில் ஒரு பல்லி வந்தது. பின்வரிசையில் ஒருவர், "ஆகா" என்றார். அப்புறம் ஒரு ஜன்னல், ஜன்னலோரம் பெரிய நடிகரின் முகம், அவருக்கு எதிரே ஒரு பிடரி.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். முன்வரிசையில் எட்டுத் தலைகள் திரும்பின. "அதோ, காது! அது அப்பா காதுதான்!"

"மெதுவாடி" என்றாள் அம்மா. ஆனால் அவளும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பிடரி வந்துகொண்டேயிருந்தது. சாம்பல் நிறச் சட்டை போட்டால் அண்ணன், நீலச் சட்டை போட்டால் தம்பி. பிடரி பூங்காவில் உட்கார்ந்தது. மழையைப் பார்த்தது. குழாயடியில் நின்று பதினோரு நிமிடம் ஒரே ஒரு டம்ளரைக் கழுவியது.

"மாப்ள, டம்ளர் ஓட்டையாயிடப் போவுது" என்று மச்சான் காதோரம் சொன்னார்.

"வீட்டுல ஒரு நாள் ஒரு டம்ளர் கழுவியிருக்காரா கேளுங்கண்ணே" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க போய் எப்படித் தேய்க்கிறார் பாருங்க, உள்ளங்கையை விட்டு."

பின்னாலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். டிரைவர் இருக்கையில் கூனிக் குறுகினார். ஆனாலும் அவருக்குப் பயமில்லை. கடைசி ஃபிரேம் இருக்கிறதே.

இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். மச்சானின் மனைவி நிம்மதியாகத் தூங்கிவிட்டார். திரையில் ஒரு வாடகை அறை, விடியாத நேரம், கட்டில் விளிம்பில் நீலச் சட்டைப் பிடரி. இந்தக் காட்சியை எடுத்த நாள் டிரைவருக்கு நன்றாக நினைவிருந்தது. "நடிக்க வேண்டாம். நீங்க தினமும் வேலைக்கு எப்படிக் கிளம்புவீங்களோ அப்படியே கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார்கள். அவரும் கிளம்பினார். பட்டனைப் போட்டார். குனிந்து, இரண்டு ஷூவையும் இரண்டு விரலில் கொக்கியாகத் தூக்கிக்கொண்டார். காலை ஊன்றாமல் ஊன்றி நடந்தார். கதவுப் பிடியில் ஒரு கை, கதவின் நடுச்சட்டத்தில் ஒரு கை வைத்து, கதவை லேசாகத் தூக்கித் திறந்தார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார்.

அன்றைக்கு மௌனம் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அந்தக் கதவைத் தூக்கினீர்களே! யார் சொல்லித் தந்தது?"

"எங்க வீட்டுக் கதவு தரையை உரசும் சார். அந்தப் பழக்கத்துல..." என்று டிரைவர் ஆரம்பித்தார். மௌனம் அதற்குள் கேமராமேனிடம் போய், "இருத்தலின் பாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது திரையில் கதவு தூக்கப்பட்டபோது, பக்கத்தில் மனைவியின் மூச்சு நின்று, பிறகு விட்டுவிட்டு வந்தது. டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. படம் பிடிக்காமல் அழுகிறாளா, மானம் போகிறதே என்று அழுகிறாளா தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

கடைசியில் அந்த நீச்சல் குளம் வந்தது. டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப, இப்ப" என்றார். மகள் போனைத் தயாராகத் தூக்கினாள். மச்சான் தன் மனைவியை முழங்கையால் இடித்து எழுப்பினார். கரையில் நின்ற அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான். பிடரி அசைந்தது. காது திரும்பியது. கன்னத்து எலும்பு தெரிந்தது. ஒரு கண் இமையின் நுனி தெரிந்தது.

திரை வெள்ளையாகிப் போனது. நடுவில் பொடி எழுத்தில் மௌனத்தின் பெயர்.

விளக்கு எரிந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

"என்ன மாப்ள," என்றார் மச்சான், "திரும்புறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சா?"

டிரைவர் சிரிக்க முயன்றார். பதினேழு தடவை திரும்பிய கழுத்து இப்போது மனைவி பக்கம் திரும்ப மறுத்தது. ஏழு ஆல்பங்களோடு இது எட்டாவது. இதிலும் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டாயிற்று. அதுவும் எல்லோரையும் கூட்டிவந்து, டிக்கெட் கொடுத்து, உட்காரவைத்து.

மேடையில் நாற்காலிகள் போட்டார்கள். மௌனமும் நடிகரும் உட்கார்ந்தார்கள். கேள்வி நேரம். கழுத்தில் துண்டு சுற்றிய விமர்சகர் ஒருவர் எழுந்து ஆறு நிமிடம் பேசினார். அதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் எல்லோரும் தேடினார்கள். முகம் கடைசிவரை மறுக்கப்பட்டது குறித்து அவர் ஏதோ சொன்னது மட்டும் புரிந்தது.

"எடிட்டிங்கில் அந்த முகத்தைப் பார்த்தேன்" என்றார் மௌனம். "அது ஒரு முகமாக மட்டுமே இருந்தது. ஆகவே நீக்கினேன்."

பலத்த கைதட்டல். டிரைவர் தன் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அது ஒரு முகமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் மனைவியின் கை உயர்ந்தது.

"ஏய், வேணாம்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "சண்டை போடாத. பாவம், நல்ல மனுஷங்க."

"விடுங்க" என்று அவள் எழுந்துவிட்டாள். மைக் அவள் கைக்கு வந்தது. அது கூவியது, தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம்ங்க. நான் மருந்துக் கடையில வேலை பாக்குறேன். எனக்குப் படம் முக்காவாசி புரியலை. டாக்டர் எழுத்தே பரவாயில்லைன்னு ஆயிடுச்சு."

அரங்கம் பெருந்தன்மையோடு சிரித்தது.

"ஒரே ஒரு சீன் புரிஞ்சுது. அதுல அவரு ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு வெளியில போய் மாட்டுறாரே, அது எதுக்குங்க?"

மௌனத்தின் முகம் மலர்ந்தது. "முக்கியமான கேள்வி. அது சுய நாடுகடத்தல். சொந்த அறையிலேயே அந்நியனாகிப்போன ஒருவன், தன் காலடியோசையைக்கூடத் தனக்கு மறுக்கிறான். கதவைத் தூக்குகிறான் அல்லவா? அங்கே அவன் தூக்குவது தன் இருத்தலின் பாரத்தை."

"அப்படியும் இருக்கலாம்ங்க" என்றாள் அவள் மரியாதையாக. "ஆனா அது எங்க வீட்டுக் கதவுங்க."

யாரோ இருமினார்கள்.

"மழை பெஞ்சா உப்பிக்கும். தரையில உரசும். நாலரை மணிக்கு அதைச் சும்மா திறந்தா தெருவே எழுந்து உக்காந்துக்கும். அதான் தூக்கித் திறப்பாரு. ஷூ போட்டு நடந்தா டக்கு டக்குன்னு கேக்கும்னு, கையில எடுத்துக்கிட்டுப் போய் வெளிப்படியில உக்காந்து மாட்டுவாரு. உள்ள நான் தூங்கறேன்ல? அதுக்காகத்தாங்க."

மைக்கைக் கைமாற்றிப் பிடித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா நான் தூங்குறதில்லைங்க. அரைக் கண்ணைத் திறந்து அந்த முதுகைத்தான் பாத்துக்கிட்டுக் கிடப்பேன். பத்தொன்பது வருஷமா இருட்டுல பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் வெளிச்சத்துல பாத்தேன், அவ்வளவு பெருசா. பட்டனை எப்படிப் போடுவாருன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும், முழங்கை ஏறுறதைப் பாத்தா கீழேருந்து மேல போடுறாரு. எங்க சொந்தக்காரங்க எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாத்தேன். இந்த மனுஷன் எப்படின்னு நான் யாருகிட்டயும் எடுத்துச் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது. நீங்க காட்டிட்டீங்க. உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் எழுந்தேன். கேள்வி ஒண்ணும் இல்லைங்க."

உட்கார்ந்துவிட்டாள்.

மௌனம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தபடி இருந்தார். ஒன்றும் வரவில்லை. அவருடைய நான்கு படங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவர் திட்டமிடாமல் அமைந்த மௌனம் அது ஒன்றுதான் என்று உதவி இயக்குநர் பெண் பிறகு பலரிடம் சொன்னாள். கடைசியில் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்போலக் கேட்டார்:

"அந்தக் கதவு இப்பவும் உரசுதாம்மா?"

"ஆமாங்க."

"அவரு அன்னைக்கே சொன்னாரு. நான் முழுசா கேக்கலை" என்றார். தாடிக்குள்ளிருந்த வாய் முதல்முறையாகத் தெரிந்தது. "மன்னிச்சுக்கோங்க. ரொம்ப நன்றிம்மா."

"இந்தக் கோணத்தையும் ஒரு வாசிப்பாக எடுத்துக்கொள்ளலாம்" என்று விமர்சகர் சமாதானம் சொல்லப் பார்த்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் பெரிய நடிகர் மேடையிலிருந்து குதித்து நேராக இவர்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். வந்து, டிரைவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நாற்பது நாள் நான் அழுததெல்லாம் உங்க புண்ணியம்" என்றார். பிறகு மனைவியிடம், "அக்கா, அந்த டம்ளர் சீன்ல பதினோரு நிமிஷமும் இவர்தான் கழுவினாரு. வீட்டுலயும் வேலை வாங்கிக்கோங்க" என்றார்.

எதிரே நடிகர், பக்கத்தில் மகள், சுற்றிலும் துணிப்பை மாட்டிய ஜனங்கள். நாற்பது நாளில் நாற்காலிக்குக்கூட நன்றி சொன்னவருக்கு, இப்போது யாருக்கு முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று விளங்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

வெளியே படிக்கட்டில் மச்சான் வெகுநேரம் கோட்டுப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"நாளைக்குக் கடையிலேருந்து ஆளை அனுப்புறேன். கதவு அடியில அரை இஞ்ச் சீவினாப் போதும். பத்து நிமிஷ வேலை."

"வேணாம்!" என்றார்கள் டிரைவரும் மனைவியும் ஒரே நேரத்தில்.

மச்சான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இருபது வருடமாக அவர் காத்திருந்த அந்த இரண்டாவது கல்யாணம் இனி நடக்கப்போவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "என்னவோ பண்ணுங்க" என்று தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

மகள் தோழி வீட்டுக்குப் போக, இவர்கள் இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். மத்தியான வெயில்; கூட்டமில்லை. டிரைவர் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தார்.

"முகம் வரும்னு சொல்லித்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார். "வரலை. உனக்கு வருத்தமில்லையா?"

"உங்க மூஞ்சியைப் பாக்கறதுக்கு நான் மூணு மணி நேரம் இருட்டுல உக்காரணுமா?" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். பஸ் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. தொழில் முறையில் அந்த டிரைவரை மனதுக்குள் ஒரு திட்டு திட்டிவிட்டு, மறுபடி அவள் பக்கம் சாய்ந்தார்.

"அது சரி. முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பத்தொன்பது வருஷமா நான் திருடன் மாதிரி நடந்து போறேன்."

"சொல்லியிருந்தா டீ கேட்டிருப்பீங்க."

டிரைவர் யோசித்துப் பார்த்தார். கேட்டிருப்பார்தான்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு என்ன? நாளைக்கும் தூங்கிக்கிட்டுதான் இருப்பேன்" என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "நீங்க வழக்கம்போல சத்தம் போடாமக் கிளம்புங்க."